கை காட்டும் வரை

திருவனந்தபுரம்
9.8.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இருமல் நின்றதா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு. போன கடிதத்தில் நாலு வரி எழுதிவிட்டு 'மற்றவை நேரில்' என்று முடித்திருந்தீர்கள். நேரில் என்பது இனி ஓணத்துக்குத்தான். அதுவரை அந்த நாலு வரியை எப்படிப் பங்கு வைத்துப் படிப்பது?

'மூன்றாம் வருஷமாக ஆர்யா அங்கே அப்படி என்னதான் படிக்கிறாள்?' என்று கேட்டிருந்தீர்கள். கோபத்தில் கேட்டீர்களா, தெரிந்துகொள்ளக் கேட்டீர்களா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மெதுவாகக் கற்கிற பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு திட்டம். தனிக் கல்வித் திட்டம் என்று அச்சடித்திருக்கும். வாயால் சொல்லும்போது எல்லாரும் ஐ.இ.பி. என்பார்கள். ஜூன் மாதம் டீச்சர், டாக்டர், பேச்சுப் பயிற்சி தருகிற மேடம், அம்மா, அப்பா எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், இந்த வருஷம் என்ன தெரிய வேண்டும், அதை எங்கே வைத்து, யார் சொல்லித் தருவது என்று எழுதுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பார்ப்பார்கள். அம்மா, அப்பா என்று எழுதிவிட்டேன். அம்மா மட்டும்தான் போனேன். அந்த அம்மாவும் வாய் திறக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காலேஜில் பதில் தெரிந்தும் கையைத் தூக்காதவள், டாக்டர் முன்னால் என்ன பேசிவிடப் போகிறேன். வீட்டில் முதல் பி.ஏ. என்று அப்பா ஊரில் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடக்கிறார். இந்த லட்சணம் அவருக்குத் தெரியாது.

இந்த வருஷத் திட்டத்தில் பெரிய காரியம், ஆர்யா தனியாகச் சாலையைக் கடக்கப் பழகுவது. பழவங்காடியில் வைத்துப் பழக்குகிறார்கள். லிபி டீச்சர் பாறசாலைக்காரி. நம் தமிழ் பேசுவாள். எனக்கு இளையவள். முதல் நாள் நான் ஆர்யாவின் கையைப் பிடித்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சேச்சி, கைய விடுங்க. நீங்க பிடிச்சா நீங்கதான் ரோடு கடப்பீங்க. பிள்ளை உங்க கூட வருவா, அம்புட்டுதான்."

விட்டேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டேன்.

கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு ஆர்யா காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனாலும் கண் போலீஸ்காரரை விட்டு நகராது. அவர் உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும். கையை அசைத்தால் போக வேண்டும். அவருக்கும் இப்போது இவளைத் தெரியும். "மோளு வந்தோ?" என்று கேட்கிறார். இவள் பதிலுக்குத் தன் உள்ளங்கையை அவருக்குக் காட்டுகிறாள், நில்லு என்று! நேற்று அவர் நிஜமாகவே நின்றார். பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

ஓணத்துக்கு வருகிறோம். ஸ்வெட்டரை வெயிலில் போட்டு வையுங்கள்.

உங்கள்
காந்திமதி


போனக்காடு
17.8.1998

அன்புள்ள காந்திமதிக்கு,

இருமல் நின்றது. ஆகவே மற்றதை எழுதலாம்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. இரண்டையும் தனித்தனியாக எழுத எனக்கு வராது. தேயிலை ஃபாக்டரி ஆபீசில் கொழுந்தின் எடையை எழுதி எழுதி என் கைக்கு வேறு எழுத்து மறந்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் இருப்பது எஸ்டேட் மானேஜர் துரையின் மேஜையில். அவர் முன்னால் நின்று மனைவியிடம் என்ன பேசுவது?

ஒரு வருஷம் என்று சொல்லித்தான் நீ இறங்கிப் போனாய். எட்டு வயதில் போன பிள்ளை. இப்போது பத்து முடியப் போகிறது. அவள் ரோடு கடக்கிறதை ஒரு போலீஸ்காரர் தினமும் பார்க்கிறார். நான் கடிதத்தில் படிக்கிறேன்.

இன்னொன்று. பயப்படாதே, ஆனால் தெரிந்திரு. குவார்ட்டர்ஸ் குடும்பக்காரர்களுக்குத்தான் என்று துரை மறுபடி சொல்லத் தொடங்கியிருக்கிறார். நேற்று ஆபீசில் வைத்து, "சிவதாணு, ரெண்டு முறியும் அடுக்களையும் வச்சு தனியா என்னடே செய்யுதீர்? பந்து விளையாடுதீரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில் வன்னியராஜின் குடும்பம் முழுதும் முட்டிக்கொண்டு கிடக்கிறது. அவன் இந்த வீட்டைக் கேட்பதிலும் தப்பில்லை. நீங்கள் வருகிறீர்களா என்று மார்ச் வரை பார்ப்பார்களாம். வீடு போய்விட்டால் எனக்கு ஒற்றையாள் அறை. அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் வந்தால் எங்கே வருவீர்கள்?

ஆர்யாவுக்காகப் படியோரம் மூங்கில் கைப்பிடி கட்டியிருக்கிறேன், மழையில் வழுக்காமல் இருக்க. ஸ்வெட்டரைக் காயப் போட வெயில் எங்கே இருக்கிறது இங்கே? அடுப்புக்கு மேலே தொங்குகிறது. புகை நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள்.

சிவதாணு


திருவனந்தபுரம்
29.8.1998

அன்புள்ள அத்தானுக்கு,

கடந்துவிட்டாள்! டீச்சர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நடுவில் யாரும் இல்லை. போலீஸ்காரர் கையை அசைத்ததும், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ஆரியா வந்து" என்றாள். பூக்காரி ஒருத்தி அவள் தலையில் பிச்சி வைத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

நான் அழுதேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் அழுதேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் 'நாலு பேர் பாக்குதாங்க பிள்ளே' என்று சொல்லியிருப்பீர்கள். சொல்ல ஆளில்லாததால் நிறைய அழுதுவிட்டேன்.

வீட்டுக்கார சரஸ்வதியம்மாள் பாயசம் வைத்துக் கொடுத்தாள். "கொழந்தை கெட்டிக்காரிடீ. நேக்கு இன்னும் அந்த ரோட்டைக் கண்டா கால் நடுங்கறது. என்னையும் உங்க டீச்சர் கிட்டே சேத்து விடேன்" என்றாள்.

குவார்ட்டர்ஸ் விஷயத்தை நேரில் பேசுவோம். ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று மாலை பஸ். ஸ்டாப்பில் நில்லுங்கள். அவள் உங்களிடம் நடந்து வருவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

உங்கள்
காந்திமதி


போனக்காடு
14.9.1998

காந்திமதிக்கு,

நீங்கள் போன பிறகு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேரில் அன்றைக்கே கத்திவிட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நீ ஒன்றும் சொல்லாததுதான் இத்தனை நாளும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆபீசிலிருந்து ஓடி வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. நீங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தீர்கள். நான் இந்தப் பக்கம், டீக்கடை முன்னால். பஸ் திரும்பிப் போய்விட்டது. நடுவில் ரோடு மட்டும்தான். அதில் ஒரு மாடுகூட இல்லை. ஆர்யா என்னைப் பார்த்தாள். "அப்பா" என்று கத்தினாள். நான் கையிரண்டையும் நீட்டினேன். அவள் வரவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். "வா மக்கா, வா" என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்! அங்கேயும் இங்கேயும் யாரையோ தேடுகிறாள். கடைசியில் நானே ஓடி வந்து கையைப் பிடித்தால், உதறிவிட்டு உன் பின்னால் ஒளிகிறாள்.

டீக்கடையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். "சார், டவுன் பிள்ளையாக்கும். போலீஸ் வந்து சிக்னல் போட்டாத்தான் வரும்" என்று வன்னியராஜ் சொன்னான். அவன் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. பெற்ற பிள்ளை பத்தடிக்கு அப்பால் நின்று என்னிடம் வரமாட்டேன் என்றதுதான்.

வீட்டிலும் பார்த்தேன். மலையிலிருந்து ரப்பர் ஓஸில் வருகிற தண்ணீரின் முன்னால் நின்று, திருகுவதற்குக் குழாயைத் தேடினாள். விறகடுப்பைக் கண்டு பயந்தாள். நான் கட்டின மூங்கிலை அவள் தொடவே இல்லை. இது அவள் வீடு இல்லை என்று ஒவ்வொன்றும் எனக்குச் சொன்னது.

நீங்கள் நன்றாகத்தான் படிக்க வைக்கிறீர்கள். அந்தப் படிப்பில் இந்த மலை இல்லை. நான் இல்லை. மார்ச்சில் வீட்டைக் கேட்பார்கள். கொடுத்துவிடவா வேண்டாமா என்று நீயே தீர்மானித்து எழுது.

சிவதாணு


திருவனந்தபுரம்
25.10.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்கு என்னைத் திட்டுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

நடந்ததை லிபி டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சேச்சி, பிள்ளை தப்பு செய்யல்ல. நாம சொல்லிக் குடுத்தத அப்பிடியே செஞ்சிருக்கா. போலீஸ்காரர் கை காட்டாம போகக் கூடாதுன்னுதானே படிப்பிச்சோம்? அங்க கை காட்ட ஆரு இருந்தா? தப்பு என்னுதாக்கும்" என்றாள்.

வன்னியராஜ் அண்ணன் கேலிக்குச் சொன்னதுதான் அத்தான் நிஜம்.

அன்று நான் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் முன்னாலிருந்து பார்த்தீர்கள், நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவள் வரமாட்டேன் என்று நிற்கவில்லை. கால் இரண்டும் செருப்புக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. குதிகால் தரையில் படவில்லை. ஓடி வந்து உங்கள் மேல் விழத்தான் நின்றாள். யாராவது கை காட்டிவிட மாட்டார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நீங்கள் இரண்டு கையையும் நீட்டினீர்கள். அவளுக்குத் தெரிந்தது ஒரு கை உயர்ந்து அசைவது மட்டும்தான். பிறகு நீங்களே யாரும் கை காட்டாத ரோட்டில் குறுக்கே ஓடி வந்தீர்களா, பயந்துபோனாள். அன்று நான் இதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் சத்தம் போட்டதும் எனக்கு வழக்கம்போல நாக்கு உள்ளே போய்விட்டது.

திட்டத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நேரே 'எங்கே' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளிக் குளியலறை, பள்ளி அடுக்களை, பழவங்காடி. நம் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு நம் வீடு தெரியாது. தெரிந்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

"அடுத்த கூட்டத்துல நீங்க பேசணும். நான் பேசினா டீச்சர் பேச்சு, அம்மை பேசினாத்தான் திட்டம் மாறும்" என்றாள் லிபி. போன வாரம் கூட்டம் நடந்தது. போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ், "அம்மைக்கு எந்தெங்கிலும் பறயான் உண்டோ?" என்று நான் பேச இடம் கொடுத்தார். லிபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "இல்ல" என்றேன்.

இதை உங்களிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த கூட்டம் ஜனவரியில். வீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். இதை மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.

உங்கள்
காந்திமதி


போனக்காடு
13.12.1998

அன்புள்ள காந்திமதிக்கு,

செருப்புக்குள் கால் துள்ளியது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு ஆபீசில் எடையைத் தப்பாக எழுதிப் பேச்சு வாங்கினேன்.

நான் கத்தியிருக்க வேண்டாம்.

நேற்று வன்னியராஜின் வீட்டுக்காரி வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வரச் சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கர்ட்டன் தைக்க அளவெடுக்கிறாளாம். சீலையால் அளந்தாள். அடுக்களைக்குள் போய், "சார், இந்தப் பலகைய இங்கேயே விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். உன் உப்பு ஜாடியும் புளிப் பானையும் இருக்கிற பலகை. நான் "பாக்கலாம்" என்றேன். அவள் போன பிறகு ஜாடியைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். உப்பு எப்போதோ கட்டியாகிவிட்டது.

மூங்கிலில் பாசி பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்க்கிறேன்.

பேச முடியவில்லை என்பதற்காக நீ உன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். துரை பந்து விளையாடுதீரா என்று கேட்டபோது நான் மட்டும் என்ன பேசிவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான். பிள்ளை மட்டும் எங்கிருந்து வந்தாளோ, போலீஸ்காரரையே நிறுத்துகிறாள்.

வருவதோ வராததோ உன் இஷ்டம். எழுதாமல் மட்டும் இருக்காதே.

சிவதாணு


திருவனந்தபுரம்
18.1.1999

அன்புள்ள அத்தானுக்கு,

பேசிவிட்டேன்.

இந்தத் தடவை எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஆர்யாவையும் கூடவே அழைத்துப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் வழக்கம்போலக் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கினேன். அங்கே யாரும் கை தூக்கிப் பேசுவதில்லை. டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். கூச்சத்தில் இறக்கப் போன கை அசைந்ததை ஆர்யா பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். மேஜையைச் சுற்றி நடந்து என்னிடம் வந்து நின்றாள். அப்புறம் எனக்கு என்ன பயம்?

"சார், இவ வளந்தா இந்த ஊர்ல இருக்கப் போறவ இல்ல. இவ அப்பா மலைல இருக்காங்க. எங்க வீடு அங்கதான். அங்க சிக்னலும் கிடையாது, திருகுற பைப்பும் கிடையாது. அங்க இருக்கிறதுக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். லிபி டீச்சர் மலையாளத்தில் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் "மனசிலாயி" என்று கையமர்த்திவிட்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் லேசில் விடவில்லை. அங்கே கொண்டுபோனால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்றார். படித்தது ஓணத்துக்கே உதவவில்லையே என்றேன். அங்கே யார் சொல்லித் தருவது என்றார். "அவ அப்பா" என்றேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்றார். "தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் வந்தேன்" என்றேன். நானா பேசினேன் என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஜுரம் அடித்தது.

திட்டத்தை மாற்றி எழுதினார்கள். மாதத்தில் ஒரு வாரம் நாங்கள் இங்கே வந்து பள்ளியில் இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குச் சரஸ்வதியம்மாள் இடம் தருகிறேன் என்றுவிட்டாள். மீதி நாளெல்லாம் அங்கே. லிபி டீச்சர் வெயில் காலத்தில் ஒருமுறை மலைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நஷ்டமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். தினமும் இருந்த பேச்சுப் பயிற்சி இனி இல்லை. இப்போதுதான் மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். இது சரியான முடிவு இல்லை என்று அந்த மேடம் வெளியே வந்தும் சொன்னார். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். நாம் இரண்டு பேரும் இனி அவளிடம் நிறையப் பேச வேண்டும் அத்தான். நம் இரண்டு பேருக்கும் அது கஷ்டம்.

புதிய திட்டத்தில் 'யார் பொறுப்பு' என்கிற கட்டத்தில் சாலை கடப்பதற்கு நேரே சிவதாணு, அப்பா என்று எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறோம். சாமான் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். துரையிடம் சொல்லிவிடுங்கள். வன்னியராஜ் அண்ணன் வீட்டுக்காரியிடம் நான் வந்து பேசிக்கொள்கிறேன். அவளும் பாவம், ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். லிபி டீச்சர் சொன்னது.

நீங்கள் டீக்கடைப் பக்கமே நில்லுங்கள். நாங்கள் அந்தப் பக்கம் இறங்குவோம். பஸ் திரும்பிப் போகட்டும். அவள் அப்பா என்று கூப்பிடுவாள். நீங்கள் கூப்பிடக் கூடாது. ஓடி வந்து தூக்கவும் கூடாது. யார் என்ன கேலி செய்தாலும் நகரக் கூடாது. ஒரு கையை, போலீஸ்காரர் மாதிரி, முழுதாக உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுங்கள். அவள் நிற்பாள். நீங்கள் ஒரு பக்கம் தலையைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். ஜீப்போ கொழுந்து டிராக்டரோ வருகிறதா என்று நிஜமாகவே பார்க்க வேண்டும். சும்மா திருப்பினால் கண்டுபிடித்துவிடுவாள். உங்களைப் பார்த்து அவளும் திருப்புவாள். அப்புறம் கையை அசையுங்கள். வருவாள்.

தினமும் இப்படி. அவளுக்குப் பழகப் பழக, கையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். முதலில் தோள் வரைக்கும். பிறகு இடுப்புக்கு. பிறகு விரலை மட்டும் அசைத்தால் போதும். பிறகு கையே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். ஒருநாள் நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதுதான் இந்த வருஷத்துத் திட்டம். வருஷம் முழுக்க ஆனாலும் ஆகட்டும் என்று டீச்சர் சொன்னாள். அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள்.

அவளுக்குப் பின்னால் மூட்டையோடு நான் நிற்பேன். அவள் கடந்து முடிந்த பிறகுதான் நான் வர வேண்டுமாம். நின்றுகொண்டிருப்பேன்.

கையை இறக்குவது அவளுக்கு மட்டும்தான் அத்தான். எனக்கு, வா என்று உயர்த்தியபடியே இருக்கட்டும்.

உங்கள்
காந்திமதி